ஜமோவி: கல்வியியல் ஆய்வு மாணவருக்கு எவ்வளவு பயன்படுகிறது?

எம்.எட். வாய்மொழித் தேர்வுகளில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆண், பெண் மாணவர்களின் மனப்பான்மை மதிப்பெண்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை அட்டவணையைச் சுட்டிக்காட்டி, "இந்த வரிசையில் முதலில் இருக்கும் எஃப் மதிப்பு எதற்குரியது?" என்று கேட்பேன். பெரும்பாலோர் விழிப்பார்கள். சிலர் அந்த எஃப் மதிப்புக்குப் பக்கத்தில் உள்ள பொருண்மை எண்ணையே (பி மதிப்பு: வேறுபாடே இல்லை என்று கொண்டால் இத்தகைய முடிவு வரும் நிகழ்தகவு) டி சோதனையின் முடிவாக எடுத்துக்கொண்டு, வேறுபாடு இல்லை என்னும் சுழியக் கருதுகோளை ஏற்றோ மறுத்தோ ஓர் அதிகாரம் முழுவதையும் எழுதியிருப்பார்கள். அந்த எஃப், இரு குழுக்களின் பரவல் சமமாக உள்ளதா என்று பார்க்கும் லெவீன் சோதனைக்குரியது. சராசரிகளின் வேறுபாட்டைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அட்டவணையை அவர் உருவாக்கவில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள தட்டச்சு நிலையத்தில் "ஸ்டாடிஸ்டிக்ஸ் போட்டுத் தருபவர்" உருவாக்கினார். இரண்டு சோதனைகளின் முடிவுகளை ஒரே வரிசையில் நெருக்கி அச்சிடும் மென்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தச் சங்கடத்திலிருந்து வெளியேற வழி தேடியபோதுதான் ஜமோவி என்னும் புள்ளியியல் மென்பொருளை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். நான்கு ஆண்டுகளாக ஆராய்ச்சி முறையியல் தாளின் செய்முறைப் பகுதியை இதைக் கொண்டே நடத்துகிறேன். எனவே இது ஒரு நாள் நிறுவிப் பார்த்து எழுதிய மதிப்புரை அன்று. கல்வியியல் ஆய்வுக்கும் அதைக் கற்பிப்பதற்கும் இம்மென்பொருள் எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்; மருத்துவ ஆய்வாளரோ வணிகவியலாளரோ வேறு அளவுகோலால் மதிப்பிடக்கூடும்.

ஜமோவி ஓர் இலவச, திறமூலப் புள்ளியியல் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். உலாவியிலேயே இயங்கும் இணைய வடிவமும் உண்டு. ஜோனத்தன் லவ், டேமியன் டிராப்மன், ரவி செல்கர் ஆகியோர் இதைத் தொடங்கினர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஸ்ப் என்னும் மற்றொரு இலவச மென்பொருளில் பணியாற்றியவர்கள் இவர்கள் என்பதால், இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்றுபோல் இருப்பதில் வியப்பில்லை. கணக்கிடும் வேலையை உள்ளே ஆர் மொழி செய்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கிய அம்மொழியின் 1.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் வெளியானது. இன்று உலகெங்கும் புள்ளியியலாளர்களின் பொதுமொழியாக அது இருக்கிறது. நிரல் எழுதத் தயங்கும் மாணவருக்கு அந்த மொழியின் வலிமையைப் பொத்தான்கள் வழியாகக் கொடுப்பதே ஜமோவியின் நோக்கம்.

திரையின் இடப்பக்கம் தரவும் வலப்பக்கம் முடிவும் இருக்கும். மாறியைப் பெட்டிக்குள் தள்ளிய உடனே முடிவு தோன்றும். ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தினால், அதைச் சார்ந்த எல்லா அட்டவணைகளும் வரைபடங்களும் அப்போதே தாமாகத் திருந்தும். இதைக் கற்பித்தலில் பயன்படுத்திப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும். முப்பது மதிப்பெண்கள் கொண்ட பத்தியில் ஒரே ஒரு 45-ஐ 450 என்று மாற்றிவிட்டு, சராசரி எங்கே ஓடுகிறது, இடைநிலை அளவு எப்படி நின்ற இடத்திலேயே நிற்கிறது, டி மதிப்பு பெருகுவதற்குப் பதிலாக ஏன் சுருங்குகிறது என்று மாணவர் கண்முன்னே காட்டலாம். கரும்பலகையில் அரை மணி நேரம் பிடிக்கும் விளக்கம் இங்கே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தில், மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் பெருகியதால்தான் டி சுருங்கியது என்பதை அவர்களே சொல்லும்வரை காத்திருக்கலாம்.

தரவை உள்ளே கொண்டுவரும் கட்டத்திலேயே ஒரு பாடம் தொடங்கிவிடுகிறது. 1 முதல் 5 வரையுள்ள எண்கள் மட்டும் கொண்ட பத்தியை ஜமோவி பெரும்பாலும் பெயரளவு மாறி (எண்கள் வெறும் வகைப்பெயர்கள்) என்று எடுத்துக்கொள்ளும். வரிசை மாறியாகவோ தொடர் மாறியாகவோ நாம்தான் மாற்ற வேண்டும். முதலில் இது எரிச்சலூட்டும். ஆனால் லிக்கர்ட் அளவுகோலில் "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பதற்குக் கொடுத்த 5, "உடன்படுகிறேன்" என்பதற்குக் கொடுத்த 4-ஐவிட உண்மையிலேயே ஓர் அலகு கூடுதலா என்ற கேள்வியை ஆய்வாளர் எதிர்கொள்ளாமல் தப்ப முடியாது. அளவீட்டு நிலைகளைப் பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காக உளவியலாளர் ஸ்டீவன்ஸ் வகுத்தது 1946-இல். அந்த வகைப்பாட்டைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள், அது தம் தரவின் மீது கை வைக்கும் இடத்தை முதன்முதலாக இங்கேதான் காண்கிறார்கள். இடைவெளி அளவையும் விகித அளவையும் ஜமோவி ஒன்றாகவே "தொடர்" என்ற தலைப்பில் அடக்கிவிடுகிறது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு எங்கே மூன்றாயிற்று என்று வகுப்பில் கேள்வி வரும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன டி சோதனைக்கு வருகிறேன். ஜமோவியில் டி, கட்டின்மைப் பாகைகள், பி மதிப்பு ஆகியவை ஒரு சிறு அட்டவணையில் தனியே வரும். லெவீன் சோதனை வேண்டுமென்றால் அதற்குரிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது "எடுகோள்" என்ற பிரிவின் கீழ் வேறோர் அட்டவணையாக வரும். ஒன்றை மற்றொன்றாகப் படிக்கும் பிழைக்கு இடமே இல்லை. மிகச் சிறிய பி மதிப்பை 0.001-க்கும் குறைவு என்று காட்டுவது இன்னொரு நல்ல பழக்கம். சில மென்பொருள்களின் பழைய பதிப்புகள் அதை .000 என்று அச்சிட்டதால், நிகழ்தகவு சுழியம் என்று எழுதப்பட்ட ஆய்வேடுகள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு நிகழ்வு நடக்கவே முடியாது என்று முந்நூறு பேரின் தரவை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அதே பட்டியலில், வேறுபாட்டின் பருமனைச் சொல்லும் விளைவளவுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கோகனின் டி (d) மதிப்பும் (டி சோதனையின் t அன்று), அதற்கான நம்பக இடைவெளியும் கிடைக்கும். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் மிகவும் குறைவாகத் தென்படும் எண் இதுதான் என்பது என் கணிப்பு. கூறின் அளவு ஆயிரத்தைத் தாண்டினால் அற்பமான வேறுபாடும் பொருண்மை பெற்றுவிடும். அந்த வேறுபாடு வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியுமா என்பதை விளைவளவுதான் சொல்லும். பி மதிப்பு ஒரு விளைவின் பருமனையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. ஒரு சொடுக்கில் கிடைக்கும் எண்ணை எழுதாமல் விடுவதற்கு இனி மாணவருக்குச் சாக்கு இல்லை.

இங்கேயே ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். தனித்த இரு குழுக்களுக்கான டி சோதனையில் ஜமோவி இயல்பாகத் தேர்ந்து வைத்திருப்பது பரவல்கள் சமம் என்று கொள்ளும் ஸ்டூடன்ட் முறை. பரவல்கள் சமமாக இல்லாதபோதும் நம்பத்தக்க வெல்ச் முறையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மூன்று குழுக்களுக்கான ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்குப் போனால் அங்கே வெல்ச் முறையே இயல்பாக இருக்கிறது. அடியில் உள்ள ஆர் மொழியோ டி சோதனைக்கும் வெல்ச் முறையையே இயல்பாகக் கொண்டுள்ளது. ஒரே மென்பொருளுக்குள் இப்படி இரண்டு மனம் இருப்பதை மாணவரிடம் விளக்குவது கடினம். நான் எப்போதும் வெல்ச் முறையையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். குழுக்களின் அளவும் பரவலும் ஒத்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும், ஒத்திராவிட்டால் வெல்ச் காப்பாற்றும்.

வினாநிரல் போன்ற ஆய்வுக் கருவியின் உருப்படிகள் ஒத்திசைகின்றனவா என்று பார்க்கும் நம்பகத்தன்மைப் பகுதி ஜமோவியின் சிறந்த பகுதிகளில் ஒன்று. குரோன்பாக் 1951-இல் எழுதிய ஆல்பா கெழுவோடு மெக்டொனால்டின் ஒமேகாவையும் இது கணக்கிட்டுத் தருகிறது. ஒவ்வோர் உருப்படியும் மீதி உருப்படிகளோடு எவ்வளவு ஒட்டுறவு கொண்டுள்ளது, அதை நீக்கினால் ஆல்பா என்ன ஆகும் என்பவற்றையும் காட்டும். மனப்பான்மை அளவுகோலில் எதிர்மறைக் கூற்றுகள் சில இருக்கும். அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமல் (5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆக) கூட்டிவிடுவது நம் மாணவர்களின் தீராத பிழை. ஜமோவியில் அப்படிச் செய்தால், குறிப்பிட்ட உருப்படி மொத்த அளவுகோலோடு எதிர்மறையாக ஒட்டுறவு கொண்டுள்ளது, அதைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்று அட்டவணைக்கு அடியிலேயே குறிப்பு வந்துவிடும். திருப்ப வேண்டிய உருப்படிகளை இழுத்துப் போட ஒரு பெட்டியும் அருகிலேயே உண்டு. ஆனால் அந்தப் பெட்டி நம்பகத்தன்மைக் கணக்குக்கு மட்டுமே உரியது. மூலத் தரவில் எண்கள் மாறுவதில்லை. மொத்த மதிப்பெண் காண்பதற்கு முன் தனியே ஒரு கணித்த மாறியை உருவாக்கித்தான் திருப்ப வேண்டும். இதை அறியாமல், ஆல்பா நன்றாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் திருப்பாத எண்களையே கூட்டும் அபாயம் இருக்கிறது.

கல்வியியல் தரவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு மென்பொருளை நான் உரசிப் பார்ப்பது அங்கேதான். மாணவர்கள் பள்ளிகளுக்குள் இருக்கிறார்கள். ஒரே பள்ளியில் படிக்கும் இருவர், வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் இருவரைவிட ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஆகவே முந்நூறு மாணவர்கள் என்பது முந்நூறு தனித்தனிச் சான்றுகள் ஆகாது. டி சோதனையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் அவர்கள் தனித்தனியானவர்கள் என்றே எண்ணிக் கணக்கிடுகின்றன.

இதைச் சோதிக்க, மாணவர், பள்ளி என்னும் நிலைகளைச் சேர்த்தே கணக்கிடும் பலநிலைப் பகுப்பாய்வைக் கற்பிப்போர் அனைவரும் அறிந்த அமெரிக்கத் தரவு ஒன்றை எடுத்துக்கொண்டேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்த ஒரு தேசிய ஆய்வின் 1982-ஆம் ஆண்டுப் பகுதி அது: 160 பள்ளிகள், அவற்றில் 90 அரசுப் பள்ளிகள், 70 கத்தோலிக்கப் பள்ளிகள், மொத்தம் 7,185 மாணவர்களின் கணித மதிப்பெண்கள். ஆர் மொழியில் இது இலவசமாகவே கிடைக்கிறது. சிஎஸ்வி கோப்பாக மாற்றி ஜமோவியில் திறந்தேன். முதலில் நம் வழக்கப்படி இரு வகைப் பள்ளி மாணவர்களையும் டி சோதனையால் ஒப்பிட்டேன். கத்தோலிக்கப் பள்ளி மாணவர்களின் சராசரி ஏறத்தாழ 2.8 புள்ளிகள் கூடுதல். அந்த வேறுபாட்டின் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு பிசகக்கூடும் என்ற அளவு) 0.16 அளவில் வந்ததால் டி மதிப்பு 17-ஐத் தாண்டியது. இப்படி ஒரு டி மதிப்பைக் கண்டால் எந்த ஆய்வாளரும் அசைக்க முடியாத முடிவு என்றே எழுதுவார்.

ஜமோவியின் அடிப்படைப் பட்டியலில் பலநிலைப் பகுப்பாய்வு இல்லை. மார்செல்லோ கலூச்சி எழுதிய காம்எல்ஜே என்னும் கூடுதல் தொகுதியை அதற்குள்ளேயே உள்ள நூலகத்திலிருந்து நிறுவ வேண்டும். சில சொடுக்குகளில் முடிந்துவிடும். பள்ளியைத் தொகுப்பு மாறியாகக் கொடுத்து, வேறு எந்த மாறியும் இல்லாமல் முதலில் இயக்கினால், பள்ளிகளுக்கு இடையிலான மாறுபாடு 8.61, பள்ளிகளுக்குள்ளான மாறுபாடு 39.15 என்று வருகிறது. மொத்த மாறுபாட்டில் பள்ளிகளுக்கு இடையே உள்ள பங்கு 0.18; இதைத்தான் உள்வகுப்பு ஒட்டுறவு என்கிறோம், இந்த எண்ணைத் தொகுதி தானாகவே அட்டவணையில் தந்துவிடுகிறது. பிறகு பள்ளி வகையைச் சேர்த்தபோது வேறுபாடு அதே 2.8 தான், ஆனால் திட்டப்பிழை 0.44 ஆக உயர்ந்தது, டி மதிப்பு 6.4 ஆக இறங்கியது. 160 பள்ளிகளும் 7,185 பேரும் இருந்ததால் முடிவு தப்பிப் பிழைத்தது.

நம் எம்.எட். ஆய்வேட்டில் அவ்வளவு பேர் இல்லை. பத்துப் பள்ளிகளில் பள்ளிக்கு முப்பது பேர் என்று வைத்துக்கொண்டு, இதே 0.18 அளவு நம் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று கொண்டால், தொகுப்பால் தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு 1 + 29 × 0.18, அதாவது 6.22. முந்நூறை அதால் வகுத்தால் 48. முந்நூறு பேரிடம் தாள் நிரப்பி வாங்கி, தனித்தனியான 48 பேரிடம் பெற்ற அளவுக்குத்தான் தகவல் பெற்றிருக்கிறோம். அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று பள்ளி வகையை வைத்து ஒப்பிடும் ஆய்வேடுகளுக்கு, அதாவது நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். இந்த ஒரு பாடத்தை மாணவர் தம் கையால் செய்து பார்க்க முடிகிறது என்பதற்காகவே ஜமோவிக்கு என் மதிப்பெண் கூடுகிறது. இத்தகைய பகுப்பாய்வைக் கூடுதல் தொகுதிக்குத் தள்ளி, டி சோதனையை முகப்பிலேயே வைத்திருப்பதற்காக அதில் கொஞ்சம் குறைக்கவும் செய்கிறேன். (ஆய்வேட்டில் "எளிய தற்செயல் கூறெடுப்பு" என்று எழுதிவிட்டு, தலைமையாசிரியர் அனுமதி தந்த பள்ளிகளில் மட்டும் தரவு திரட்டும் வழக்கத்தை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. அது வேறு கதை.)

தேர்வு வினாக்களின் தரத்தை ஆய்வோருக்கு ஸ்னோஐஆர்டி என்றொரு தொகுதி உண்டு. டென்மார்க் கணிதவியலாளர் ராஷ் 1960-இல் முன்வைத்த முறைப்படி, வினாவின் கடினத்தையும் மாணவரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காட்டும். ஒரு வகுப்புத் தேர்வில் எல்லா வினாக்களும் எளிய பக்கமே குவிந்து, திறன்மிக்க மாணவரைப் பிரித்தறியும் வினா ஒன்றுகூட இல்லாததை அந்த வரைபடம் ஒரு பார்வையில் காட்டிவிடும். பி.எட். மாணவர்களுக்குக்கூட இதைக் காட்டலாம்.

ஜமோவி கைவிரிக்கும் இடம் பெரிய பன்னாட்டு மதிப்பீடுகளின் தரவு. 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பிசா மதிப்பீட்டின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் கடைசிப் பகுதியில் இடம்பெற்றதிலிருந்து, அத்தகைய தரவில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் ஓரிருவர் அவ்வப்போது வருகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்னும் வணிகப் புள்ளியியல் மென்பொருளின் வடிவில் உள்ள கோப்புகளை ஜமோவி தடையின்றித் திறக்கும். சிக்கல் அதன் பிறகு. பிசாவில் ஒரு மாணவருக்கு ஒரு மதிப்பெண் கிடையாது. 2009 சுற்றில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து சாத்திய மதிப்புகள் (அவர் பெற்றிருக்கக்கூடிய மதிப்பெண்கள்) உண்டு. திட்டப்பிழையைக் காண, கூறை மீண்டும் மீண்டும் எடுத்ததுபோல் கணக்கிட உதவும் 80 மறுகூறு எடைகள் உண்டு. ஐந்தையும் தனித்தனியே பகுத்து ஒன்றுசேர்க்கும் வசதியோ, அந்த எடைகளைக் கையாளும் வசதியோ ஜமோவியின் பட்டியல்களில் இல்லை. முதல் சாத்திய மதிப்பை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் ஏதோ ஓர் எண் வரும்; அதன் திட்டப்பிழை தவறாக இருக்கும். இதற்கு ஆர் மொழிக்கோ, இத்தகைய தரவுக்கென்றே அமைந்த கருவிகளுக்கோதான் போக வேண்டும்.

அந்தப் பயணத்துக்கும் ஜமோவி ஒரு பாலம் போட்டு வைத்திருக்கிறது. "தொடரியல் முறை" என்பதை இயக்கினால், நாம் சொடுக்கிய ஒவ்வொரு பகுப்பாய்வுக்கும் உரிய ஆர் நிரல் முடிவுக்கு மேலே தோன்றும். அதை நகலெடுத்து, ஜமோவியின் jmv தொகுப்பையும் தரவையும் ஏற்றிய ஆர் மொழியில் ஒட்டினால் அதே விடை கிடைக்கும். ஆர்ஜே என்னும் தொகுதியை நிறுவினால் ஜமோவிக்குள்ளேயே நிரல் எழுதலாம். முனைவர் பட்ட ஆய்வாளர் இருவர் இந்த வழியாகவே நிரல் அச்சத்தைக் கடந்து போனதைப் பார்த்தேன், எம்.எட். மாணவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

நெறியாளர்களுக்கு ஒரு செய்தி. ஜமோவி சேமிக்கும் கோப்பில் தரவு, தேர்ந்தெடுத்த விருப்பங்கள், முடிவுகள், இடையிடையே எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். மாணவர் அக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், எந்தச் சோதனையை எந்த விருப்பத்தோடு செய்தார் என்பதை நாம் திறந்து பார்க்கலாம், மாற்றியும் பார்க்கலாம். தட்டச்சு நிலையத்திலிருந்து வந்த அட்டவணையில் இது இயலாது. இப்போது என் மாணவர்கள் ஆய்வேட்டுடன் இக்கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறேன்; அது வந்த பிறகு வெளியாரிடம் வேலை கொடுப்பது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஜேஸ்ப், ஜமோவி இரண்டில் எது என்று கேட்பவருக்கு: முன்னறிவைத் தரவோடு சேர்த்து நிகழ்தகவு காணும் பேய்சியப் பகுப்பாய்வு உங்கள் ஆய்வின் மையமாக இருந்தால் ஜேஸ்ப், தரவை உள்ளேயே தட்டச்சு செய்து, மாறிகளை உருவாக்கி, வகுப்பில் உடனுக்குடன் காட்ட வேண்டுமென்றால் ஜமோவி. சந்தா கட்டி வாங்கிய மென்பொருள் கல்லூரியில் ஏற்கெனவே இருந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது இதுதான்.

நிறுவும்போது இரு பதிப்புகள் கண்ணில் படும்: "சாலிட்" என்ற நிலைத்த பதிப்பு ஒன்று, புதிய வசதிகள் கொண்ட நடப்புப் பதிப்பு மற்றொன்று. ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றிலும் நிலைத்த பதிப்பையே, அதுவும் ஒரே எண்ணுள்ளதையே போடுங்கள்; புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறக்க முயன்று வகுப்பு நேரத்தை வீணாக்க வேண்டாம். நிறுவும் கோப்பு சில நூறு எம்பி இருக்கும். கூடுதல் தொகுதிகளுக்கு இணையம் தேவை என்பதால், காம்எல்ஜேயையும் ஸ்னோஐஆர்டியையும் வகுப்புக்கு முந்தைய நாளே இறக்கி வைத்துவிடுங்கள்.